ஸ்டெஃபி கிராஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விம்பிள்டன் நெருங்கினாலே, பெண்கள் டென்னிஸில் எக்காலத்திலும் சிறந்தவர் யார் என்ற பழைய சண்டை புதிதாகக் கிளம்பிவிடும். செரீனா என்பார்கள், நவ்ரத்திலோவா என்பார்கள், நடுவில் யாராவது ஒருவர் "ஸ்டெஃபியை மறந்துட்டீங்களா?" என்பார். நான் அந்த மூன்றாவது ஆளின் கட்சி. ஆனாலும் அந்தக் கட்சிக்குச் சங்கடம் தரும் கேள்விகளையும் விடாமல் இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஸ்டெஃபி கிராஃப்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1969 ஜூன் 14 அன்று மேற்கு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்து, பக்கத்திலுள்ள புரூல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1982 முதல் 1999 வரை தொழில்முறை டென்னிஸ் ஆடினார். ஒற்றையரில் 22 கிராண்ட் ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளின் பட்டம்) உட்பட மொத்தம் 107 பட்டங்கள். 377 வாரங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம். பெண்களில் அந்தக் கணக்கை இன்னும் யாரும் தொடவில்லை.

டென்னிஸுக்கு எப்படி வந்தார்?

அப்பா பீட்டர் கிராஃப்தான் முதல் பயிற்சியாளர். மகளுக்கு மூன்று வயதிருக்கும்போதே கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கிய மர ராக்கெட்டைக் கொடுத்து, வீட்டுக் கூடத்திலேயே பந்தடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1982 அக்டோபரில், 13 வயதில், ஜெர்மனியின் ஃபில்டர்ஷ்டாட்டில் முதல் தொழில்முறை ஆட்டம். எதிரே நின்றவர் இரண்டு முறை அமெரிக்க ஓபன் வென்ற டிரேசி ஆஸ்டின். 6-4, 6-0 என்று ஆஸ்டின் ஜெயித்தார். இந்தப் பெண்ணைப் போல அமெரிக்காவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்ற தோரணையில் அவர் பேசியதாக அப்போது செய்தி வந்தது. இருவரும் மறுபடி மோதியது 1994இல், இந்தியன் வெல்ஸில். இந்த முறை ஸ்டெஃபி 6-0, 6-0. அதற்குப் பிறகு அவர்கள் ஆடவில்லை.

ஆனால் 13 வயதில் நுழைந்தவர் அடுத்த நாளே கோப்பைகளை அள்ளவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் அதிகப் போட்டிகளுக்கு அனுப்பாமல் அப்பா கட்டுப்படுத்தியே வைத்திருந்தார். முதல் பட்டம் 1986 ஏப்ரலில்தான், ஹில்டன் ஹெட் இறுதிப்போட்டியில் கிறிஸ் எவர்ட்டைத் தோற்கடித்து. அடுத்த வருடமே பிரெஞ்சு ஓபன் இறுதியில் நவ்ரத்திலோவாவை 6-4, 4-6, 8-6 என்று வென்று முதல் கிராண்ட் ஸ்லாம். 1987 ஆகஸ்டில் உலகின் முதல்நிலை வீராங்கனை. அப்போது வயது 18.

கோல்டன் ஸ்லாம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் நான்கையும் ஒரே ஆண்டில் வென்று, அதே ஆண்டில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினால் அது கோல்டன் ஸ்லாம். 1988இல் ஸ்டெஃபி அதைச் செய்தார்.

1924க்குப் பிறகு 1988 சியோல் ஒலிம்பிக்கில்தான் டென்னிஸ் மறுபடி பதக்கப் போட்டியாக வந்தது. அதனால் இடைப்பட்ட காலத்து ஜாம்பவான்களுக்கு இந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. 1953இல் மொரீன் கானலியும் 1970இல் மார்கரெட் கோர்ட்டும் ஒரே ஆண்டில் நான்கையும் வென்றவர்கள்தான். அப்போது வெல்வதற்கு ஒலிம்பிக் தங்கம் என்று ஒன்று இல்லை.

இறுதிப்போட்டிகளைப் பாருங்கள். மெல்பர்னில் கிறிஸ் எவர்ட், பாரிஸில் நடாஷா ஸ்வெரேவா, விம்பிள்டனில் நவ்ரத்திலோவா, நியூயார்க்கில் கேப்ரியேலா சபாட்டினி, சியோலில் மறுபடி சபாட்டினி. இதில் உண்மையாகவே கை நழுவப் பார்த்தது விம்பிள்டன்தான். நவ்ரத்திலோவா அதற்கு முன் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அங்கே சாம்பியன். முதல் செட்டை 7-5 என்று எடுத்து, இரண்டாவதில் 2-0 என்று முன்னணியிலும் இருந்தார். அங்கிருந்து ஆடிய 13 கேம்களில் 12ஐ ஸ்டெஃபி எடுத்தார். 5-7, 6-2, 6-1. ஒரு சகாப்தம் கைமாறிய ஆட்டம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டு முழுக்க 72 வெற்றி, 3 தோல்வி. மூன்றில் இரண்டு தோல்வி சபாட்டினியிடம். பாவம், முக்கியமான நாட்களில் மட்டும் சபாட்டினிக்கு அது வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு யாராவது செய்திருக்கிறார்களா?

சக்கர நாற்காலி டென்னிஸில் 2021இல் டீட டி குரோட், டிலன் ஆல்காட் இருவரும் செய்தார்கள். மற்றபடி ஒற்றையரில் ஆண்களிலும் சரி, பெண்களிலும் சரி, ஒரே ஆண்டில் ஐந்தும் எடுத்தவர் ஸ்டெஃபி ஒருவர்தான். செரீனா, அகாஸி, நடால், ஜோகோவிச் எல்லாரும் ஐந்தையும் வென்றவர்களே. ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில்.

34 நிமிடத்தில் முடிந்த இறுதிப்போட்டி உண்மையா?

உண்மை. 1988 பிரெஞ்சு ஓபன். 17 வயது ஸ்வெரேவா நான்காவது சுற்றில் நவ்ரத்திலோவாவையே வீழ்த்திவிட்டு வந்தவர், ஆகவே சாதாரண ஆள் இல்லை. இறுதியில் 6-0, 6-0. மொத்த ஆட்டத்திலும் அவர் எடுத்த பாயிண்ட்கள் 13.

அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

எல்லாரும் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) என்பார்கள். அமெரிக்க விமர்சகர் பட் காலின்ஸ் அவருக்கு 'ஃப்ராய்லைன் ஃபோர்ஹேண்ட்' என்று பட்டப்பெயரே வைத்தார். சரிதான், ஆனால் நான் முதலில் கால்களைச் சொல்வேன்.

பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவர் காலை மட்டும் கவனியுங்கள். பந்து பேக்ஹேண்ட் மூலைக்கு, அதாவது ராக்கெட் பிடிக்காத கையின் பக்கத்துக்கு, வருகிறது. வேறு யாராக இருந்தாலும் பேக்ஹேண்டில் அடிப்பார்கள். இவர் சின்னச் சின்ன எட்டுகளாக இடது பக்கம் சுற்றிப் போய், பந்தைத் தன் ஃபோர்ஹேண்டுக்கு வரவழைத்து, எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்குக் குறுக்காக விளாசுவார். பந்தை மிகவும் தாமதமாக, உடம்புக்கு அருகில் வரவிட்டு அடிக்கிற மாதிரித் தெரியும். அந்தத் தாமதத்துக்கு நேரம் வாங்கித் தருவது கால்கள்தான். இப்படிச் சுற்றிப் போனால் வலது பக்கம் பாதிக் கோர்ட் காலியாகக் கிடக்கும். அங்கே அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓடிவந்து அடிக்கிற ஃபோர்ஹேண்ட் இன்னும் மோசமாக வரும்.

சரி, அப்படியானால் பேக்ஹேண்டிலேயே தொடர்ந்து போட்டுத் தாக்கலாமே? அதைத்தான் எல்லாரும் முயன்றார்கள். அங்கே இருந்தது ஸ்லைஸ், பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி அடிக்கும் அடி. வலைக்கு மேல் சற்றே உயரத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, தரையில் பட்டதும் எழும்பாமல் கிடக்கும். புல்தரையில் கேட்கவே வேண்டாம். எதிராளி முழங்காலை மடக்கிக் கீழிருந்து தூக்கி அடித்தால் பந்து நடுவில் மிதந்து வரும். அது நேராக ஃபோர்ஹேண்டுக்கு விருந்து. பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு அடிக்கும் டாப்ஸ்பின் பேக்ஹேண்டும் அவரிடம் இருந்தது. ஆனால் தேவைப்பட்டால்தான் வெளியே எடுப்பார்.

இன்னொன்று, வேகம். ஆட்டத்தின் வேகத்தை மட்டும் சொல்லவில்லை. பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் இடையில் துண்டால் துடைப்பது, பந்தைப் பத்துத் தடவை தட்டுவது எதுவும் கிடையாது. ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல அடுத்த சர்வுக்குத் தயாராகிவிடுவார். எதிராளிக்கு யோசிக்க அவகாசம் கிடைக்காது. இன்றைய ஆட்டங்களில் சர்வுக்குக் கடிகாரம் வைக்க வேண்டியிருப்பதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது.

மோனிகா செலஸ் கத்திக்குத்துக்கும் ஸ்டெஃபிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்டெஃபிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அவர் பெயரில்தான் அது நடந்தது.

1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனை செலஸ். காலிறுதியில் மாக்டலீனா மலீவாவுடன் ஆடிக்கொண்டிருந்த அவர், இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் பக்கத்திலிருந்து குந்தர் பார்ஷே என்பவன் வந்து முதுகில் கத்தியால் குத்தினான். ஸ்டெஃபி மீது வெறிபிடித்த ரசிகன். அவர் மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும், அதற்கு செலஸ் விலக வேண்டும் என்பதுதான் அவன் சொன்ன காரணம். நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது. அவன் சிறைக்குப் போகவில்லை. செலஸ் அதன் பிறகு ஜெர்மனியில் ஆடவே இல்லை.

அப்போது செலஸுக்கு 19 வயது, கையில் எட்டு கிராண்ட் ஸ்லாம். அதன் கனம் புரிய இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: 1991 ஆஸ்திரேலிய ஓபனிலிருந்து 1993 ஆஸ்திரேலிய ஓபன் வரை நடந்த ஒன்பது கிராண்ட் ஸ்லாம்களில் செலஸ் எட்டில் ஆடி ஏழில் வென்றார். மீதி இரண்டும் விம்பிள்டன். இரண்டையும் எடுத்தவர் ஸ்டெஃபி. காயம் சில வாரங்களில் ஆறியிருக்கும். ஆனால் செலஸ் திரும்பி வந்தது 1995 ஆகஸ்டில். இரண்டேகால் ஆண்டு.

அப்படியென்றால் 22 என்ற கணக்கைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டுமா?

இந்தக் கேள்வியை ஸ்டெஃபி ரசிகர்கள் கோபத்தோடு தள்ளிவிடுவார்கள். தள்ள வேண்டியதில்லை.

கத்திக்குத்துக்கு முன் ஸ்டெஃபியிடம் 11 கிராண்ட் ஸ்லாம். பின்னால் வந்தது இன்னொரு 11. அந்தப் பதினொன்றில் ஆறு, செலஸ் ஆடாமல் இருந்த காலத்தில் வென்றவை. செலஸ் இருந்திருந்தால் அந்த ஆறும் ஸ்டெஃபிக்கே வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பாரிஸிலும் மெல்பர்னிலும் நிச்சயம் சிரமப்பட்டிருப்பார். அதுவரை கிராண்ட் ஸ்லாம் இறுதிகளில் இருவரும் நான்கு முறை மோதியதில் மூன்றில் ஜெயித்தவர் செலஸ். 1992 பிரெஞ்சு இறுதியில் மூன்றாவது செட் 10-8 வரை போனது. மறுபக்கம், அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி 6-2, 6-1 என்று துவைத்தெடுத்தார். புல்தரையில் அந்தப் போட்டி சமமாக இருக்கவில்லை.

செலஸ் திரும்பி வந்ததும் 1995 அமெரிக்க ஓபன் இறுதியிலேயே இருவரும் சந்தித்தார்கள். 7-6, 0-6, 6-3, ஸ்டெஃபிக்கு. ஒட்டுமொத்தமாக இருவரும் ஆடியதில் ஸ்டெஃபி 10, செலஸ் 5.

ஆக என் கணக்கு இது: 22 என்ற எண்ணின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, அது என்றும் இருக்கும். அதை வைத்தவர் ஸ்டெஃபி இல்லை. அழிக்கும் வாய்ப்பும் அவருக்குத் தரப்படவில்லை. பெரிதாகப் பறிபோனது செலஸுக்குத்தான். அந்த வரிசையை மாற்றிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

விம்பிள்டனில் அழுத வீராங்கனை யார்?

யானா நொவோட்னா, 1993 இறுதிப்போட்டி. மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலை, தன் சர்வில் 40-30. அடுத்த பாயிண்டை எடுத்தால் 5-1. இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டார். அதோடு எல்லாம் கலைந்தது. ஸ்டெஃபி தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 7-6, 1-6, 6-4 என்று முடித்தார். பரிசு வாங்க வந்த நொவோட்னா, பரிசு வழங்கிய பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுத படம் மறுநாள் உலகம் முழுக்க வந்தது. வென்றவர் படம் யாருக்கு நினைவிருக்கிறது? 1998இல் நொவோட்னா அதே கோப்பையை வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஜெயிலுக்குப் போனாராமே?

ஆமாம். மகளின் வருமானத்தை நிர்வகித்தவர் பீட்டர் கிராஃப். வரி ஏய்ப்பு வழக்கில் 1995 ஆகஸ்டில் கைதாகி, 1997 ஜனவரியில் மூன்று ஆண்டு ஒன்பது மாதத் தண்டனை பெற்றார். ஸ்டெஃபியும் விசாரிக்கப்பட்டார், பின்னர் ஒரு தொகை செலுத்தியதோடு அவர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. அப்பா சிறையில், பத்திரிகையாளர்கள் வாசலில், முதுகு வலி, கால் வலி. இத்தனைக்கும் நடுவில் 1995 அமெரிக்க ஓபனையும், 1996இல் பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓபன் மூன்றையும் வென்றிருக்கிறார். 1988ஐ விட 1996தான் பெரிய ஆண்டு என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு ரசிகர் கல்யாணம் பேசிய கதை நிஜமா?

நிஜம். 1996 விம்பிள்டன் அரையிறுதி, எதிரே ஜப்பானின் கிமிகோ டாடே. ஸ்டெஃபி சர்வ் போடப் போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர், "ஸ்டெஃபி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கத்தினார். ஸ்டெஃபி ஒரு கணம் நிதானித்து, "உங்ககிட்ட எவ்வளவு பணம் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். அரங்கமே சிரித்தது. சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்தவர், அதுவும் வரி வழக்கு தலைக்கு மேல் தொங்கிய ஆண்டில்!

1999 பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஸ்டெஃபிக்கு அப்போது கிட்டத்தட்ட 30 வயது. 1997இல் முழங்கால் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டின் பெரும்பகுதியும் அடுத்த ஆண்டில் பாதியும் போய்விட்டது. மூன்று ஆண்டுகளாகக் கிராண்ட் ஸ்லாம் இல்லை. காலிறுதியில் லிண்ட்சே டேவன்போர்ட், அரையிறுதியில் செலஸ், இறுதியில் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ். தரவரிசையின் முதல் மூன்று பேரையும் ஒரே தொடரில் சந்தித்தார்.

ஹிங்கிஸ் முதல் செட்டை 6-4 என்று எடுத்து, இரண்டாவதில் 2-0 என்று போய்க்கொண்டிருந்தார். அப்போது அவர் அடித்த பந்து ஒன்று வெளியே என்று அறிவிக்கப்பட்டது. களிமண் தரையில் பந்து தடம் விடும் அல்லவா? ஹிங்கிஸ் வலையைச் சுற்றி ஸ்டெஃபியின் பக்கத்துக்கே நடந்துபோய்த் தடத்தைக் காட்டி வாதிட்டார். எதிராளியின் பக்கத்துக்குப் போவது விதிமீறல். ஒரு பாயிண்ட் அபராதம். பாரிஸ் கூட்டம் அந்த நிமிடத்திலிருந்து ஹிங்கிஸுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அப்படியும் இரண்டாவது செட்டில் 5-4 என்று பட்டத்துக்காக சர்வ் போட்டார் ஹிங்கிஸ். ஜெயிக்க மூன்று பாயிண்ட் தூரம் இருந்தது. அந்த கேமை விட்டார், செட்டை விட்டார், கடைசியில் கீழ்க்கையால் சர்வ் போட்டுப் பார்த்தார், கூட்டம் ஊளையிட்டது. 4-6, 7-5, 6-2 என்று ஸ்டெஃபிக்கு 22ஆவது பட்டம். அழுதுகொண்டே உள்ளே போன ஹிங்கிஸை அவருடைய அம்மா அணைத்துக் கூட்டிவந்தார். ஹிங்கிஸ் கடைசி வரை பிரெஞ்சு ஓபன் ஒற்றையர் வெல்லவே இல்லை.

தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருக்கும்போது ஏன் ஓய்வு பெற்றார்?

1999 விம்பிள்டன் இறுதியில் டேவன்போர்ட்டிடம் தோற்றார். ஆகஸ்டில் சான் டியாகோவில் ஏமி ஃப்ரேசியருடன் ஆடும்போது தசைப்பிடிப்பால் விலகினார். சில நாளில், ஆகஸ்ட் 13 அன்று, ஓய்வை அறிவித்துவிட்டார். பாரிஸில் ஜெயித்த பிறகு ஆட்டத்தில் பழைய ஈடுபாடு இல்லை என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். பிரிவுபசாரத் தொடர், ஊர் ஊராகக் கையசைப்பு எதுவும் இல்லை.

மார்கரெட் கோர்ட் 24, செரீனா 23, ஸ்டெஃபி 22. அப்புறம் எப்படி ஸ்டெஃபி?

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் கோர்ட்தான், பேச்சு முடிந்தது. ஆனால் கோர்ட் வென்றதில் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். அந்தக் காலத்தில் பல முன்னணி வீராங்கனைகள் அவ்வளவு தூரம் பயணப்படவே மாட்டார்கள். செரீனா 17 வயதிலும் ஜெயித்தார், 35 வயதிலும் ஜெயித்தார். அவருடைய சர்வ் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஸ்டெஃபியும் செரீனாவும் இரண்டு முறைதான் மோதினார்கள், இரண்டும் 1999இல், ஆளுக்கு ஒன்று.

என் வாதம் வேறு. ஸ்டெஃபியின் 22ஐப் பிரித்துப் பாருங்கள்: ஆஸ்திரேலியா 4, பிரான்ஸ் 6, விம்பிள்டன் 7, அமெரிக்கா 5. நான்கு இடங்களிலும் குறைந்தது நான்கு முறை ஒற்றையர் பட்டம் வென்றவர் ஆண், பெண் யாரிலும் வேறு ஒருவர் இல்லை. களிமண்ணில் மெதுவாக எழும்பும் பந்து, புல்லில் வழுக்கும் பந்து, சிமெண்ட் தரையில் சீறும் பந்து. மூன்றிலும் அவருக்குப் பலவீனமான தரை என்று ஒன்று இல்லை. எனக்கு அது 23, 24ஐ விடப் பெரிது.

இரட்டையரில் ஆடினாரா?

ஆடினார், அவ்வளவுதான். 1988 விம்பிள்டன் இரட்டையர் பட்டம், சபாட்டினியுடன் ஜோடி சேர்ந்து. 1999இல் ஜான் மெக்கன்ரோவுடன் விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் அரையிறுதி வரை வந்து, ஒற்றையர் இறுதிக்காக விலகினார். மெக்கன்ரோ அதை அவ்வளவு சுலபத்தில் மறக்கவில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

2001 அக்டோபரில் ஆந்த்ரே அகாஸியை மணந்தார். லாஸ் வேகாஸில் குடும்பம், ஒரு மகன், ஒரு மகள். 1998இல் அவர் தொடங்கிய 'சில்ட்ரன் ஃபார் டுமாரோ' அமைப்பு, போரிலும் வன்முறையிலும் மனம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு சிகிச்சை தர உதவுகிறது. 2004இல் சர்வதேச டென்னிஸ் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். வர்ணனை, பேட்டி, சர்ச்சை எதிலும் அதிகம் தலைகாட்டுவதில்லை.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

பலர் 1999 பாரிஸ் இறுதியைச் சொல்வார்கள். அதில் நாடகம் அதிகம், டென்னிஸ் கொஞ்சம் குறைவு. நான் 1995 விம்பிள்டன் இறுதியைச் சொல்வேன், அரான்ட்சா சான்செஸ் விகாரியோவுக்கு எதிராக. 4-6, 6-1, 7-5. முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், மூன்றாவது செட்டில் 5-5 என்று இருக்கும்போது அரான்ட்சா சர்வ் போடும் கேமிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு கேம் மட்டும் 20 நிமிடம். 13 டியூஸ் (40-40 என்ற சமநிலை), 32 பாயிண்ட். துரத்தி ஓடாத பந்து இல்லை, இருவரில் யாரும் பயந்து ஆடவும் இல்லை. கடைசியில் ஸ்டெஃபி அந்த கேமைப் பறித்து, தன் சர்வில் ஆட்டத்தையும் முடித்துவிடுவார்.